மண்சரிவில் பூத்த காட்டுக்கடுகு

"மாட்டு டாக்டர் எண்டு இஞ்ச ஒருத்தரிட்டையும் சொல்லிப்போடாத கனகா. நாளைக்கே இந்த ஒழுங்கையில இருக்கிற நாய் பூனை எல்லாம் என்ர வாசலில வந்து நிக்கும்."

குண்டசாலை வீட்டுக்குள் நான் காலை வைத்ததும் வாசுகி சொன்ன முதல் வார்த்தை இதுதான். சென்னையில் கால்நடை மருத்துவம் படித்தபோது விடுதியில் ஒரே அறையில் இருந்தவர்கள் நாங்கள். படிப்பு முடிந்து நான் நாமக்கல்லுக்குப் போனேன். யாழ்ப்பாணத்துக்காரியான அவள் கண்டியில் அரசாங்க வேலைக்கு வந்து, அங்கேயே வீடு கட்டிக்கொண்டாள். இப்போது அவளுக்கு முழங்கால் அறுவை. பிள்ளைகள் வெளிநாட்டில். "கொஞ்ச நாள் வந்து பக்கத்தில இரன்" என்று கேட்டாள். ஓய்வு பெற்று வீட்டில் சும்மா இருந்த நான் கிளம்பிவிட்டேன். முதல் முறையாகக் கடல் தாண்டுகிறேன்.

காலைச் சாப்பாட்டுக்குப் பாணும் பருப்பும் தேங்காய்ச் சம்பலும் வந்தன. எங்கள் ஊரில் ரொட்டி என்றால் காய்ச்சல்காரர்கள் தின்பது. இங்கே நல்ல உடம்போடு இருப்பவர்களும் காலையில் அதைத்தான் பிய்க்கிறார்கள். சம்பல் மட்டும் இல்லாவிட்டால் அன்றே ஊர் திரும்பியிருப்பேன். "கதிரைய இழுத்துப்போட்டு வடிவா இருந்து சாப்பிடு" என்று அதட்டினாள் வாசுகி. நாற்காலி என்ற சொல்லை அவள் எப்போதோ மறந்துவிட்டிருந்தாள்.

மறுநாள் காய்கறி வாங்கக் கண்டி நகருக்கு பஸ்ஸில் போனேன். வாங்கிக்கொண்டு திரும்பி இறங்கும்போது, நான் ஒரு காலை எடுத்துத் தரையில் வைப்பதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது. நடத்துனர் என் கையைப் பிடித்து இறக்கிவிட்டார், அல்லது தள்ளிவிட்டார், இரண்டில் எது என்று இன்றைக்கும் தெரியவில்லை. கத்திரிக்காய் எல்லாம் நடுச் சாலையில் உருண்டது. பொறுக்கிக்கொண்டு நிமிர்ந்தபோதுதான் சுற்றியிருந்த மலைகளைச் சரியாகப் பார்த்தேன். பச்சைக்கு நடுவே சிவப்புச் சிவப்பாகக் கீறல்கள். கடந்த மழையில் மண் சரிந்த இடங்கள். அவற்றின் அடியில் வீடுகள் இருந்தன என்று பஸ் நிறுத்தத்துக் கடைக்காரர் ஒருவர் சொன்னார். சொல்லிவிட்டு மிளகாயைத் தராசில் வைத்து நிறுத்தார்.

வீடு திரும்பியபோது வாசுகி ஃபோனை மேசைமேல் வைத்துச் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தாள். மறுமுனையில் ஒரு பெண்ணின் குரல் பதறியது.

"மேடம், ரெண்டு மாடு நொரை தள்ளி விழுந்துருச்சு. இன்னும் நாலஞ்சு மாடு தீனி எடுக்கல. நம்ம யோகராஜா அண்ணன் மாடு எந்திரிக்கவே மாட்டேங்குது."

பேசியவள் செல்வராணி. நாவலப்பிட்டிக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பெண்கள் சேர்ந்து பால் சங்கம் நடத்துகிறார்கள், அதன் செயலாளர். வாசுகி வேலையில் இருந்த காலத்தில் அந்தச் சங்கம் உருவாக ஓடியாடியவள். அந்தப் பகுதியின் அரசாங்க மாட்டு டாக்டர் அடுத்த பள்ளத்தாக்கில் மாட்டிக்கொண்டிருந்தார். மழை நின்ற பிறகும் மண் இறங்கிப் பாதை மறுபடி மூடிவிட்டதாம்.

"எல்லாரும் புண்ணாக்குல விஷம்னு பேசிக்கிறாங்க மேடம். நஸீர் நானாவ வரச்சொல்லி ஃபோன் பண்ணிட்டாங்க. அவரு வராம இருந்தா நல்லதுன்னு எனக்குத் தோணுது. ஆனா வர்றேன்னுட்டாரு."

நஸீர், அலவத்துகொடையில் இருந்து சிறு லொறியில் தேங்காய்ப் புண்ணாக்கு கொண்டுபோய்த் தோட்டங்களுக்கு விற்பவர். முஸ்லிம் அண்ணன்களை இங்கே நானா என்பார்கள். வாசுகிக்கும் பல வருடப் பழக்கம். உடனே அவரை அழைத்தாள். "நஸீர், நீங்கள் இப்ப அங்க போகாதேங்கோ. டாக்டர் வந்து பாத்தாப் பிறகு போகலாம்."

"போகாட்டி நான்தான் செஞ்சதுண்டு ஆகிரும் மேடம்" என்றார் அவர். குரலில் பிடிவாதம் இல்லை, பயம்தான் இருந்தது. "ஒளிச்சிட்டான் எண்டு சொல்லுவாங்க. அதுக்குப் பொறகு எந்தத் தோட்டத்துக்கும் போக ஏலாது."

வாசுகி கட்டுப் போட்ட தன் காலைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"நீ அவரோட போட்டு வா. சும்மா பாத்திட்டு எனக்குச் சொல்லு. ஊசி ஒண்டும் போடாத, கத்தியத் தொடாத. இது உன்ர நாடு இல்லை. உனக்கு இஞ்ச வைத்தியம் பாக்கிற உரிமை இல்லை."

மறுநாள் விடிந்ததும் நஸீரின் லொறி வாசலுக்கு வந்தது. ஐம்பது வயதிருக்கும், வெள்ளைத் தொப்பி, இஸ்திரி போட்ட சட்டை. நல்ல சட்டை போட்டுக்கொண்டுதான் வந்திருந்தார். முன்னிருக்கையில் அவர் மனைவி கட்டிக்கொடுத்த ரொட்டிப் பொட்டலம். பின்னால் மூன்று மூட்டைப் புண்ணாக்கு.

"அவங்களுக்குக் குடுத்த அதே லொட்டுல மிஞ்சினது மேடம். அவங்கட கண்ணுக்கு முன்னால பிரிச்சுக் காட்டுவன்."

பேராதனை தாண்டிக் கம்பளைப் பாதையில் போகும்போதே ஃபோன் அடிக்கத் தொடங்கிவிட்டது. ஒவ்வொரு முறையும் திரையைப் பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைத்தார். ஒரு முறை மட்டும் எடுத்தார். எனக்கே கேட்டது.

"வா வா. ஒனக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கோம்."

"யோகராஜா" என்றார் நஸீர். "நல்ல மனுசன். பெருநாளைக்கு எங்கட வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் போவாரு."

ஒரு தேநீர்க் கடையில் நிறுத்தினோம். அவர் ரொட்டியைப் பிரித்து எனக்குத் தந்தார், தான் தொடவில்லை. நான் பின்னால் போய் ஒரு மூட்டையைத் திறந்து, புண்ணாக்கை உடைத்து முகர்ந்தேன். நல்ல தேங்காய் மணம். ஓரத்தில் இருந்த ஒரு கட்டியில் மட்டும் லேசான மக்கல் வாடை. மலைப் பிரதேச ஈரத்தில் அது சகஜம். ஆனால் பூஞ்சை பிடித்த புண்ணாக்கு மாட்டைக் கொல்லும் என்பதும் எனக்குத் தெரியும். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்புடி மேடம்?"

"பார்த்தா நல்லாத்தான் இருக்கு."

"பார்த்தா எண்டா?"

உடைத்த துண்டுகளை மூட்டைக்குள் திரும்பப் போட்டேன். அவர் மூட்டையைத் திரும்பக் கட்டினார்.

நாவலப்பிட்டிக்கு மேலே ஏறியபோது பாதையில் பாதி இல்லை. மிச்சப் பாதியில் ஒரு வண்டி மட்டுமே போகலாம். எதிரே பால் வண்டி வந்துவிட்டதால் நஸீர் பின்னோக்கி ஓட்ட வேண்டியதாயிற்று. என் பக்கக் கண்ணாடியில் எட்டிப் பார்த்தேன். கீழே மரங்களின் உச்சி மட்டும் தெரிந்தது. கொல்லிமலை வளைவுகளில் வருடக்கணக்கில் ஜீப்பில் போனவள் நான். ஆனாலும் அன்றைக்குக் கண்ணை மூடிக்கொண்டேன்.

தோட்டத்துக்குள் நுழைந்ததும் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களின் முன்னால் கூட்டம் தெரிந்தது. வேலைக்குப் போக வேண்டிய நேரத்தில் யாரும் போகவில்லை. லொறி நிற்பதற்குள் ஒரு கை உள்ளே நீண்டு சாவியை உருவிக்கொண்டது.

"எறங்கு."

நஸீர் இறங்கினார். "சலாம் யோகராஜா. என்ன நடந்ததுண்டு சொல்லுங்க" என்றார். தொழிலாளர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவின் விறாந்தையில் ஒரு பிளாஸ்டிக் கதிரையைப் போட்டு அவரை உட்காரவைத்தார்கள். கட்டிப்போடவில்லை. ஆனால் சுற்றி நின்றார்கள். ஒருவர் ஃபோனை நீட்டிப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்.

செல்வராணி என் கையைப் பிடித்துக் கூட்டத்தை விலக்கி அழைத்துப்போனாள். நாற்பது வயது இருக்கும், மெலிந்த உடம்பு, கொழுந்துக் கறை ஏறிய விரல்கள். "வாங்க டாக்டரம்மா, மொதல்ல யோகராஜா அண்ணன் மாட்டப் பாருங்க" என்றாள். ஆனால் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அந்த மாடு செத்துச் சிறிது நேரம் ஆகியிருந்தது. செவலைப் பசு. மூக்கிலும் வாயிலும் நுரை காய்ந்திருந்தது. பின்புறம் எல்லாம் கழிச்சல். சாவியைப் பிடுங்கிய மனிதர் எங்களுக்குப் பின்னாலேயே வந்து, அதன் தலைமாட்டில் குந்தினார்.

"போன மழையில மண்ணு எறங்குனப்ப இவதான் டாக்டரம்மா கத்துனா" என்றார் யோகராஜா. "கட்டுத்தறிய அத்துக்கிட்டு வந்து எங்க கதவ முட்டுனா. நாங்க வெளிய ஓடி வந்தோம். பக்கத்து வீட்டுக் காம்பராவுல யாரும் வரல."

அதற்குப் பிறகு கேட்பதற்குக் கடினமாகத்தான் இருந்தது. ஆனாலும் கேட்டேன். "அரசாங்க டாக்டர் வந்ததும் வயித்தத் திறந்து பார்க்கணும். அப்பத்தான் என்ன தின்னுச்சுன்னு தெரியும்."

"அவள வெட்டறதா?" எழுந்து நின்றார். "வெட்டக் கூடாது. அவள நான் பொதைக்கப் போறேன்."

கூட்டத்தில் ஒருவர் கத்தினார். "டாக்டரம்மாவே சொல்லட்டும். புண்ணாக்குல விஷமா, இல்லையா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இல்லை என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. ஆமாம் என்று சொல்லவும் இல்லை. "பார்க்காம ஒண்ணும் சொல்ல முடியாது" என்றேன். உத்தியோகத்தில் இருந்த காலம் முழுக்க நான் சொல்லிவந்த வாக்கியம்தான். அங்கே அதற்கு வேறு அர்த்தம் கிடைத்தது.

"இல்லன்னு சொல்லல பாத்தியா!"

எங்கிருந்தோ ஒரு கல் பறந்து லொறியின் முன்கண்ணாடியில் விழுந்தது. நஸீர் கதிரையில் இருந்து எழ முயன்றார். இரண்டு பேர் அவர் தோளை அழுத்தி உட்காரவைத்தார்கள். செல்வராணி ஓடிப்போய் அவருக்கு முன்னால் நின்றாள். "கைய வைக்காதீங்க! டாக்டரம்மா மத்த மாட்டப் பாக்கட்டும். அது வரைக்கும் யாரும் தொடக் கூடாது!"

அவளுடைய பசுவும் நோயாளிதான். ஆனால் நின்றுகொண்டிருந்தது. எச்சில் நூலாக ஒழுகியது. வயிற்றைத் தொட்டால் உதைத்தது. வாயைத் திறந்து பார்த்தேன், உள்ளே எல்லாம் சிவந்து புண்ணாகியிருந்தது. பூஞ்சை பிடித்த புண்ணாக்கு தின்ற மாடுகளை எங்கள் பக்கத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். அவை இப்படி இருக்காது. வாயையும் குடலையும் ஏதோ எரித்திருக்கிறது.

தீனித் தொட்டியில் கையை விட்டேன். புல் தீர்ந்து, தடித்த தண்டுகள் மட்டும் மிஞ்சியிருந்தன. தண்டில் சுணை. சில தண்டுகளில் நீளமான காய்கள், நுனியில் அலகு போல ஒரு கூர். ஒன்றை நசுக்கினேன். கருமையான சிறு விதைகள் உள்ளங்கையில் விழுந்தன. இரண்டை வாயில் போட்டுக் கடித்தேன். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு காரம் மூக்கு வழியாக உச்சந்தலைக்கு ஏறியது. கண்ணில் நீர் வந்துவிட்டது.

காட்டுக்கடுகு. ஊட்டிப் பக்கம் வேலை பார்த்த காலத்தில் உருளைக்கிழங்குத் தோட்டங்களின் ஓரத்தில் இதைப் பார்த்திருக்கிறேன். இளசாக இருக்கும்போது மாடு தின்றால் ஒன்றும் ஆகாது. காய் முற்றிய பிறகு வயிறு நிறையத் தின்றால் குடல் வெந்துவிடும்.

"இது எங்க வெட்டினது?" என்று கேட்டேன்.

செல்வராணியின் முகம் மாறியது. அவள் கையை நீட்டி மேலே காட்டினாள்.

லயத்துக்குப் பின்னால் ஏறிப்போனோம். கடந்த மழையில் சரிந்த இடம் அது. மேலிருந்து கீழ்வரை அந்தச் செடிதான், இடுப்பளவு உயரத்தில். பூக்கள் பெரும்பாலும் உதிர்ந்து, அங்கங்கே மட்டும் மஞ்சள் மிச்சமிருந்தது. காய்கள் பழுப்பேறத் தொடங்கியிருந்தன.

"மண்ணு சரிஞ்சு கொஞ்ச நாள்ல கண்டியில இருந்து சில பேர் வந்தாங்க டாக்டரம்மா. நல்ல புள்ளைங்க. மண்ணப் புடிச்சு வைக்கும்னு மூட்ட மூட்டையா வெதை கொண்டாந்து தூவுனாங்க. எல்லாம் கலந்த வெதை. மத்தது முளைக்கவே இல்ல, இதுதான் முளைச்சுது. பூத்தப்ப எப்புடி இருந்துச்சு தெரியுமா? செத்தவங்களுக்குப் பூப் போட்ட மாதிரி இருந்துச்சு. எங்கெங்கயோ இருந்து வந்து படம் புடிச்சாங்க. நாங்க கீரையாக்கூட ஆக்கித் தின்னோம். சரிவுக் கீரைன்னு சொல்லுவோம்."

அந்த இளைஞர்களும் விதையை எங்கோ வாங்கியிருப்பார்கள். மூட்டையில் என்ன கலந்திருக்கிறது என்று அவர்களுக்கும் தெரிந்திருக்காது. ஊட்டியில் இதற்கு ஒரு பெயர் உண்டு, கண்டதும் பிடுங்கி எறிய ஆள் உண்டு. இந்தத் தீவின் இந்த மூலையில் அது புதிது. பிழைத்தவர்கள் கண்ணுக்கு அது ஆறுதலாகப் பூத்தது. அதன் மேல் யாருக்குச் சந்தேகம் வரும்? புண்ணாக்குக்காரரின் பெயரும் ஊரும் ஃபோன் நம்பரும்தான் எல்லோரிடமும் இருந்தன.

"மழ நின்னு புல்லெல்லாம் காஞ்சிருச்சு" என்றாள் செல்வராணி. அவள் குரல் இறங்கிவிட்டது. "சங்கத்துக் கூட்டத்துல நான்தான் சொன்னேன். மேல சும்மா கெடக்கு, வெட்டிப் போடுங்கன்னு. மொதல்ல எல்லா மாடும் நல்லாத் தின்னுச்சு டாக்டரம்மா. ஒன்னும் ஆகல."

"அப்ப காய் இல்ல. இப்ப காய் முத்திருச்சு."

அவள் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். கீழே சத்தம் கூடிக்கொண்டிருந்தது.

"செடிதான் காரணம்னு நான் பொதுவாச் சொல்றேன்" என்றேன். "யார் வெட்டச் சொன்னதுன்னு அங்க பேச வேண்டாம்."

அவள் எழுந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கத் தொடங்கினாள்.

பிள்ளைக் காம்பராவில் நான் பார்த்த காட்சி இன்றைக்கும் மனதை விட்டுப் போகவில்லை. நஸீர் தான் கொண்டுவந்த மூட்டையைப் பிரித்து, புண்ணாக்கைக் கை நிறைய அள்ளித் தின்றுகொண்டிருந்தார். தொண்டையில் சிக்கி இருமினார். சட்டை முழுக்கத் தூள். மறுபடி அள்ளினார். சுற்றி நின்றவர்கள் பேச்சை நிறுத்தியிருந்தார்கள். ஃபோன்காரர் மட்டும் இன்னும் கிட்டே போய்ப் படம் பிடித்தார்.

"நீ தின்னா என் மாடு எந்திரிச்சு வந்துருமா?" என்று யோகராஜா கத்தினார்.

நான் வாயைத் திறப்பதற்குள் செல்வராணி நடுவில் போய் நின்றாள். கையில் ஒரு பிடி காய்த் தண்டு.

"இதுதான் அண்ணே. புண்ணாக்கு இல்ல. இந்தச் சரிவுக் கீரை. இத வெட்டிப் போடச் சொன்னது நான். ஒங்க மாட்டுக்கும் நான்தான் சொன்னேன்."

யோகராஜா சொன்னார்: "பொய் சொல்ற. இந்தாளக் காப்பாத்தறதுக்குப் பொய் சொல்ற."

"பொய்யா இருந்தா செவலையத் தெறந்து பாக்கச் சொல்லுங்க. உள்ள இது இல்லன்னா என்னையும் அந்தக் கதிரையில உக்கார வைங்க."

யோகராஜா செவலை கிடந்த பக்கம் பார்த்தார். கடைசியில் என்னிடம் திரும்பி, "தெறங்க" என்றார்.

என்னால் திறக்க முடியாது. வாசுகி சொன்னது காதில் இருந்தது. நான் அயல்நாட்டுக்காரி, நான் வெட்டி நான் சொன்னால் அது நாளைக்கு எங்கேயும் செல்லாது. நஸீருக்கு அது உதவவும் செய்யாது. இதை அவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது என்று தடுமாறிக்கொண்டிருந்தபோது, கீழ்ப் பாதையில் முழங்கால்வரை சேறோடு ஒரு இளம்பெண் ஏறி வருவதைப் பார்த்தேன். அவர்தான் அரசாங்க மாட்டு டாக்டர். சிங்களப் பெண். மூடிய பாதைக்கு அந்தப் பக்கமே மோட்டார் சைக்கிளை விட்டுவிட்டு, மண்ணைத் தாண்டி நடந்தே வந்திருக்கிறார். முந்தின நாளில் இருந்து வாசுகி அவரை ஃபோனில் நிம்மதியாக இருக்கவிடவில்லை என்று பிறகு தெரிந்தது.

அவர் திறந்தார். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றேன். பெரிய வயிற்றில் கத்தி இறங்கியதும் வாடை கிளம்பியது. ஊறுகாய்க்கு அரைத்த கடுகின் அதே நெடி. முன்வரிசையில் நின்றவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு பின்வாங்கினார்கள். உள்ளே தண்டும் காயுமாக ஒரு பெரிய உருண்டை. அதற்குள் கருமணலைக் கொட்டியது போல விதை. குடலின் உட்பக்கம் சிவந்து உரிந்திருந்தது.

டாக்டர் சிங்களத்தில் பேசினார். செல்வராணி உரக்கத் தமிழில் சொன்னாள்: புண்ணாக்கில் குற்றம் இருப்பதாக எதுவும் தெரியவில்லை. கொன்றது இந்தச் செடிதான். மிச்சம் இருப்பதை உடனே தொட்டிகளில் இருந்து அள்ளி எறியுங்கள். தன் கட்டளைக்கு எதிராகத் தானே சாட்சி சொல்வதைப் போல, ஒரு சொல்லையும் விடாமல் சொன்னாள்.

யோகராஜா கையைத் திறந்து சாவியைப் பார்த்தார். அது தன்னிடம் இருப்பதே அப்போதுதான் நினைவுக்கு வந்தது போலிருந்தது. விறாந்தைக்குப் போய் நஸீரின் மடிக்குப் பக்கத்தில் கதிரையின் கைமேல் வைத்தார். மன்னிப்பு என்று எதுவும் சொல்லவில்லை. யாரோ ஒரு பெண் தேநீர் கொண்டுவந்து நீட்டினாள். நஸீர் அதை வாங்கி, குடிக்காமல், தரையில் வைத்தார். மூட்டையைக் கட்டினார். கண்ணாடி விரிசல் விட்ட லொறியை ஓட்டிக்கொண்டு, வெளிச்சம் இருக்கும்போதே இறங்கிப்போனார். என்னை வருகிறீர்களா என்று கேட்கவும் இல்லை.

அன்று இருட்டும் வரை நானும் அந்த இளம் டாக்டரும் தொழுவம் தொழுவமாகப் போனோம். அவர் ஊசி போட்டார், நாளத்தில் மருந்து ஏற்றினார். நான் கஞ்சியும் எண்ணெயும் புகட்டுவதற்குத் தலையைப் பிடித்தேன். அது மட்டும் எந்த நாட்டுச் சட்டத்திலும் குற்றம் இல்லை என்று அவர் சிரித்துக்கொண்டே ஆங்கிலத்தில் சொன்னார். அன்றைய தினத்தில் நான் பார்த்த ஒரே சிரிப்பு. விழுந்து கிடந்த இன்னொரு மாடு மறுநாள் காலையில் எழுந்து நின்றது. செல்வராணியின் பசு தண்ணீர் குடித்தது.

விடிந்ததும் சரிவில் ஏறினோம். காய் வெடிப்பதற்குள் எடுத்துவிட வேண்டும். வெயில் ஏறினால் தொட்டதுமே விதை தெறிக்கும். காய்க் குலைகளை மெதுவாக நறுக்கி உரச் சாக்குகளுக்குள் போட்டோம். அதன் பிறகுதான் வேரோடு பிடுங்கினோம். ஆனால் மண் சரிந்த இடத்தில் வேரைப் பிடுங்கினால் மண் மறுபடி அசையும் என்று டாக்டர் பயந்தார். செங்குத்தான இடங்களில் அடியோடு அறுக்க மட்டும் சொன்னார். பெண்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். யாரும் செல்வராணியோடு பேசவில்லை, யாரும் அவளைத் திட்டவும் இல்லை. யோகராஜா கடைசியாக வந்தார். எங்களுக்கு எல்லாம் மேலே, யாரும் ஏறத் துணியாத ஓரத்தில் தனியாக நின்று அறுத்தார்.

"கீழ விழுந்த வெதை என்னாகும் டாக்டரம்மா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"மண்ணுக்குள்ள கிடக்கும். பல வருஷம் கிடக்கும். ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் முளைக்கும். பூக்குறதுக்கு முன்னாடி பிடுங்கிக்கிட்டே இருக்கணும்."

அவள் சரிவின் முழு நீளத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள்.

அடுத்த நாள் நான் கிளம்பியபோது செல்வராணியும் கூட வந்தாள். அலவத்துகொடைக்குப் போக வேண்டும் என்றாள். பஸ் நிற்கும் இடத்தில் யோகராஜா நின்றிருந்தார். எங்களோடு ஏறப் போகிறார் என்றே நினைத்தேன். பஸ் வந்தது, அவர் அசையவில்லை. "நானாகிட்ட..." என்று ஆரம்பித்தார். பஸ் எடுத்துவிட்டது.

நஸீரின் வீடு கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்தது. அவர் மனைவி ஃபரீனா கதவைத் திறந்தார். எங்களை உள்ளே விட்டுவிட்டு, பேசாமல் சமையலறைக்குப் போய்விட்டார். நஸீர் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். லொறி வாசலில் கண்ணாடி மாற்றாமல் நின்றது.

"மத்த மாடுகள் எப்புடி?" என்று கேட்டார். அதுதான் அவருடைய முதல் கேள்வி.

"எந்திரிச்சிருச்சு நானா."

"அல்ஹம்துலில்லாஹ்." செல்வராணியை நிமிர்ந்து பார்த்தார். "எனக்கு ஒங்களோட கோவம் இல்ல தங்கச்சி. நீங்க அண்டைக்கு வாயத் தொறக்காட்டி என்ன நடந்திருக்கும்ண்டு எனக்குத் தெரியும். ஆனா நான் இனி மேல ஏற மாட்டன். கம்பளைல எங்கட ஆள் ஒருத்தர்ட கடை ஈக்கி. அங்க மூட்டைய எறக்கி வைக்கிறன். நீங்க வந்து எடுத்துக்கோங்க."

"சரி நானா" என்றாள் செல்வராணி. அவள் கெஞ்சவில்லை.

சமையலறை வாசலில் இருந்து ஃபரீனாவின் குரல் வந்தது. "அந்த வீடியோ? அத என்ன செய்யப் போறீங்க? எண்ட மகள் பள்ளிக்கூடத்துல பாத்திருக்கா. வாப்பா புண்ணாக்கு தின்றதப் பாத்து கூடப் படிக்கிற புள்ளைகள் சிரிச்சிருக்கு. நஞ்சு வெச்சவண்டு அடியில எழுதியும் ஈக்காம்."

"அழிச்சிட்டோம்னு சொல்றாங்கக்கா."

"அவங்க அழிச்சா? எத்தன பேர்ட ஃபோனுக்குப் போயிருக்கு?"

செல்வராணி தலையைக் குனிந்துகொண்டாள். திரைச்சீலைக்குப் பின்னால் ஒரு பெண்பிள்ளையின் கால்கள் தெரிந்தன.

திடீரென்று செல்வராணி தன் ஃபோனை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

"டாக்டரம்மா, புடிங்க. எடுங்க. நான் பேசுறேன். என் பேரச் சொல்லியே பேசுறேன். யார் யாருக்கு அது போச்சோ அவங்களுக்கெல்லாம் இதையும் அனுப்பச் சொல்றேன். எங்க சங்கத்துல ஒவ்வொருத்தர் வீட்டுக்கும் போய் நின்னு அனுப்ப வைக்கிறேன்."

"வேணாம் தங்கச்சி" என்றார் நஸீர். "பொறகு ஒங்கள ஏசுவாங்க."

"ஏசட்டும் நானா."

நான் ஃபோனைத் தூக்கிப் பிடித்தேன். அவள் சுவரோரம் போய் நின்றாள். "என் பேரு செல்வராணி..." என்று தொடங்கியவளுக்கு அடுத்த வார்த்தை வரவில்லை. மறுபடி தொடங்கினாள். மறுபடி நின்றது. வியர்வையும் கண்ணீருமாக முகம் நனைந்துவிட்டது.

ஃபரீனா சமையலறையில் இருந்து ஒரு துண்டோடு வந்தார். செல்வராணியின் தோளைப் பிடித்து, தன் பக்கம் திருப்பினார்.

"மொகத்தக் கழுவிட்டு வாங்க. இப்புடி நிண்டா அழுகுறதுண்டுதான் வெளங்கும். சொல்றது வெளங்காது." பிறகு ஜன்னல் கதவை முழுக்கத் திறந்துவிட்டு, சுவரோரம் கிடந்த கதிரையை வெளிச்சத்துக்கு இழுத்துப் போட்டார். "இங்க இருந்து சொல்லுங்க."